என்ன லோடு?

என் அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் மரவேலை செய்தவர். சொந்தமாக லாரி வைத்திருந்ததில்லை, ஓட்டவும் தெரியாது. ஆனால் ஒரு லாரி எப்படி அமைய வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர்களை நான் பார்த்ததில்லை. பட்டறை வாசலில் புதிய சேசிஸ் வந்து நின்றதும் உரிமையாளரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "என்ன லோடுங்க?"

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாட்களில் லாரி முழு உருவில் தொழிற்சாலையை விட்டு வராது. ஓசூரிலிருந்தோ ஜாம்ஷெட்பூரிலிருந்தோ எஞ்சினும் சக்கரங்களும் முகப்பும் மட்டுமே உள்ள எலும்புக்கூடாக வரும். ஓட்டி வருபவர் கூரையும் கதவும் இல்லாத இருக்கையில், தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, வெயிலையும் தூசியையும் குடித்தபடி வந்து சேருவார். கேபின், தளப்பலகை, பக்கப்பலகை, பெயின்ட், நெற்றியில் எழுதும் பெயர் எல்லாம் நாமக்கல் பட்டறையில்தான். பஞ்சுப்பொதி ஏற்றுபவருக்குப் பக்கம் உயர வேண்டும். இரும்பு ஏற்றுபவருக்குப் பக்கம் தாழ்ந்தாலும் தளம் தடித்திருக்க வேண்டும். லோடு தெரியாமல் பலகையில் ரம்பம் வைப்பது அப்பாவின் கணக்கில் பாவம். இன்று பெரும்பாலான லாரிகள் நிறுவனத்தின் கேபினோடுதான் வருகின்றன. அப்பாவின் கேள்வியும் பட்டறைகளில் முன்போல் ஒலிப்பதில்லை.

அந்தக் கேள்வி என் நாற்பத்தாறாம் வயதில், சேலத்தில் ஒரு கணினிக் கடையில் என் முன் வந்து நின்றது. நான் பொய் சொன்னேன். அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் வேறொன்றைச் சொல்லிவிட வேண்டும். 1991ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு மதியச் சோறு கொண்டுபோயிருந்தேன். பட்டறையில் அந்த நேரத்தில் யாருமில்லை. கேபின் வேலை முடிந்து பெயின்ட் வாசனை போகாத ஒரு லாரி நின்றது. ஏறி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அது அசையவில்லை. வாயால் உறுமிக்கொண்டு எவ்வளவு நேரம் ஓட்டினேன் என்று தெரியாது. நாக்பூர் வரையிலாவது போயிருப்பேன். அப்பா வந்து கையைப் பிடித்துக் கீழே இறக்கிக் கன்னத்தில் அறைந்தார். வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். "இதுல கை வைக்கறதுக்கா உன்னப் படிக்க வைக்கறேன்?" என்றார்.

எங்கள் தெருவில் பள்ளியை விட்டுவிட்டுக் கிளீனராகப் போனவர்கள் அதிகம். அவர்களில் சிலர் ஓட்டுநரானார்கள். வடக்கே போன இருவர் திரும்பி வரவில்லை. அறை எதற்கு விழுந்தது என்பது பின்னால் புரிந்தது. நான் லாரிப் பக்கமே போகவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தேன், கல்லூரி ஆசிரியரானேன். அப்பா 2019இல் இறக்கும்வரை, மகன் வாத்தியார் என்று சொல்லும்போது குரலைச் சற்று உயர்த்தியே சொல்லுவார். எனக்கு இன்றுவரை இருசக்கர வண்டி தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது.

இனி கணினிக்கு வருகிறேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்கள் நான்கு. உவகைக்கு உரிய நான்கு செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. புலன் என்பதற்கு அறிவு என்று பொருள் சொல்லிவிட்டு, 'பாருங்கள், விளையாட்டைச் செல்வத்தோடும் அறிவோடும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்' என்று கொஞ்சம் நிறுத்துவது என் வழக்கம். பல ஆண்டுகளாக அதே இடத்தில்தான் நிறுத்துகிறேன். 2025 பிப்ரவரியில் முன்வரிசை மாணவி ஒருத்தி அந்த இடைவெளியில் கேட்டாள்: "அய்யா, நீங்க என்ன விளையாடுவீங்க?"

"நான் புத்தகம் படிப்பேன்மா" என்றேன்.

"அது புலன்ல வந்துருமுங்களே அய்யா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அக்கேள்வி என்னுடனேயே இருந்தது. யோசித்துப் பார்த்தபோது, பயன் என்ற ஒன்றைச் சொல்லிக்கொள்ளாமல் எனக்காக நான் எதையுமே வாங்கியதில்லை என்று தெரிந்தது. புத்தகம் வாங்கினால் பாடத்துக்கு. செருப்பு வாங்கினால் பழையது அறுந்துவிட்டது. ஊர் சுற்றினால் கருத்தரங்கு. கூலிக்காரர் வீட்டிலிருந்து படித்து வந்த என் தலைமுறையினர் பலருக்கும் இது இருக்கும் என்று நினைக்கிறேன். மகிழ்ச்சிக்கு ரசீது இல்லாவிட்டால் நமக்குப் பயம்.

அடுத்த மாதம் இயற்பியல் துறை நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன் கணினியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். செக் நாட்டைச் சேர்ந்த எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் என்னும் நிறுவனம் 2012இல் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற விளையாட்டு. அதில் சுடுவது இல்லை, வெட்டுவது இல்லை. ஓர் ஊரில் லோடு ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். இரவு, மழை, வழிகாட்டிப் பலகைகள், பெட்ரோல் நிலையங்கள். நண்பர் காபி ஆறுகிறது என்று இரண்டுமுறை சொன்னார். ஒரு மணி நேரம் அந்தப் பையனின் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

விடைத்தாள் திருத்திய பணமும், முடிந்துபோன ஒரு சீட்டுப் பணமும் கையில் இருந்தன. ஒரு கணினி வாங்குவது என்று முடிவு செய்தேன். வாங்குவதை உறுப்பு உறுப்பாக வாங்கி நானே பூட்ட வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்பதை இனிச் சொல்லத் தேவையில்லை.

இரவுகளில் படிக்கத் தொடங்கினேன். கணினியை இப்படித் தனித்தனியாக வாங்கிப் பொருத்த முடிகிறது என்பதே வியப்பாக இருந்தது. 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரைப் பெரும்பாலும் வெளிச்சந்தையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே கட்டியது. அதன் தொழில்நுட்பக் கையேட்டையும் வெளியிட்டது. அடுத்த ஆண்டே மற்ற நிறுவனங்கள் அதற்கு இணையான கணினிகளைச் செய்யத் தொடங்கிவிட்டன. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறை, மதர்போர்டில் திருகாணித் துளை எங்கே இருக்க வேண்டும், மின்சாரம் எந்த வடிவச் செருகியில் வர வேண்டும் என்பதையெல்லாம் பொதுவாக்கியது. அதனால்தான் ஒருவர் செய்த போர்டை வேறொருவர் செய்த கேபினெட்டில் மூன்றாமவர் செய்த எஸ்எம்பிஎஸ்ஸோடு பூட்ட முடிகிறது. தொல்காப்பியர் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகள் சொல்கிறார். கணினிக்கு ஏழெட்டுப் போதும். ஆனால் இங்கும் தளை தட்டக்கூடாது. ப்ராசசரும் போர்டும் பொருந்தாவிட்டால் தனித்தனியே எவ்வளவு சிறந்தவையாக இருந்தாலும் குப்பை.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போகச் சொன்னவர்கள் உண்டு. பெங்களூரின் எஸ்பி ரோடு பக்கம் என்றவர்களும் உண்டு. சேலத்திலிருந்து ஒன்று சுமார் 340 கிலோமீட்டர், மற்றது சுமார் 200. ஏதாவது பழுதானால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆகவே மே மாதத்தில் ஒரு நாள் நாமக்கல்லிலிருந்து பேருந்தேறிச் சேலத்துக்குப் போனேன்.

கடையில் கல்லாவுக்கு இப்பால் நின்றவன் என் பழைய மாணவன். எழுந்து, "வாங்கய்யா, உக்காருங்கய்யா" என்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தண்ணீர் வந்தது. பிறகு அவன் கேட்டான்: "என்ன யூஸுக்குங்கய்யா?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்று. அதை என் மாணவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. "காலேஜ் வேலைதான். தேசிய மதிப்பீட்டுக் குழு வருது. அறிக்கை அடிக்கணும், கொஞ்சம் பவர்பாயின்ட்" என்றேன்.

"சரிங்கய்யா" என்று சொல்லி ஒரு தாளை எடுத்து எழுதினான். ரைசன் 5 5600ஜி ப்ராசசர், எளிய மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, சிறிய கேபினெட், அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ். மொத்தம் 28,000 ரூபாய்ச் சொச்சம். "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்கய்யா. உங்க வேலைக்கு கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம். இந்த ஜி போட்ட ப்ராசசர்ல படம் வரையற பகுதி உள்ளயே இருக்குது. பத்து வருசம் ஓடும்."

அந்தத் தாளில் எந்தத் தவறும் இல்லை. நேர்மையான பையன், என் பணத்தை மிச்சப்படுத்தவே பார்த்தான். நான் சொன்ன பொய்க்கு மிகப் பொருத்தமான கணினியை அவன் எழுதிக் கொடுத்திருந்தான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். ராசிபுரம் தாண்டும்வரை அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பஞ்சுப்பொதி ஏற்றப் போகிறவன் இரும்பு என்று சொல்லிவிட்டால் அப்பா என்ன செய்வார்? இரும்புக்கு உரிய பாடியைத்தான் கட்டிக்கொடுப்பார். பிழை பாடியில் இருக்காது.

மற்ற உறுப்புகளுக்கெல்லாம் சாக்குச் சொல்லிவிடலாம். நல்ல ப்ராசசர் வேகத்துக்கு, கூடுதல் ரேம் வசதிக்கு, பெரிய எஸ்எஸ்டி புத்தகங்களைச் சேமிக்க. கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும் ஒரு தமிழாசிரியனால் சாக்குச் சொல்ல முடியாது. அது மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விழுங்கும். விளையாட்டைத் தவிர அதற்கு என் வீட்டில் வேறு வேலையும் இல்லை. அதை வாங்குவது என்றால், நான் விளையாட விரும்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தாளை மனைவியிடம் காட்டினேன். அரசுப் பள்ளி ஆசிரியை, கணக்குப் பாடம். வரிவரியாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, அந்த லாரி இதுல ஓடுமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் இரவில் கைபேசியில் லாரி ஓட்டும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் எத்தனை நாட்களாகக் கவனித்தாளோ. "உங்க பணம்தானுங்களே. அந்தப் பையன்கிட்டச் சொல்லறதுக்கு என்ன வெக்கம்? தப்பா சொல்லி 28,000 செலவு பண்றதுதான் தண்டம்" என்றாள். கணக்காசிரியை.

மறுவாரம் மீண்டும் போனேன். கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து சொன்னேன். "தம்பி, அன்னைக்குச் சொன்னது சரியில்ல. எனக்கு லாரி ஓட்டணும்."

அவன் சிரிக்கவில்லை. பழைய தாளை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தான். "அப்ப லோடே வேறங்கய்யா" என்றான். அந்தச் சொல்லை அவன் தற்செயலாகத்தான் சொன்னான். கணினிக்காரர்களும் லோடு என்றே சொல்கிறார்கள் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

முதல் தாளில் இருந்த கணினியிலும் இவ்விளையாட்டு ஓடும் என்று அவன் மறைக்காமல் சொன்னான். ஆனால் எல்லாவற்றையும் குறைத்து வைத்து ஓட்ட வேண்டும். குறிப்பாகப் பக்கக் கண்ணாடிகளை. கண்ணாடியில் தெரியும் பின்புறச் சாலையைக் கணினி தனியாக இன்னொருமுறை வரைய வேண்டியிருக்கிறது. முன்னால் ஒரு காட்சி, கண்ணாடி ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி. இயந்திரம் திணறினால் முதலில் கண்ணாடியின் தெளிவைத்தான் குறைப்பார்களாம். "கண்ணாடி தெரியாம லாரி எப்படிங்கய்யா ஓட்டுவீங்க?" என்றான். அப்பா கேபின் கட்டிய லாரிகளில் கண்ணாடித் தண்டை முடுக்கிவிட்டு, இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துத் தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்பது நினைவுக்கு வந்தது. கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது அந்த இடத்தில் முடிவாயிற்று.

ப்ராசசர் ரைசன் 5 5600 ஆயிற்று. ஜி என்ற ஓர் எழுத்து உதிர்ந்தது. இரண்டிலும் ஆறு கோர்கள்தான். ஆனால் ஜி உள்ளதில் எல்3 கேஷ் என்னும் உள்நினைவு 16 எம்பி. இதில் 32 எம்பி. படம் வரையும் பகுதி இதில் அறவே இல்லை. இந்த விளையாட்டு பல கோர்களைவிட ஒரு கோரின் வேகத்தையே அதிகம் நம்புவது; ஆகவே இன்னும் பெரிய ப்ராசசருக்குப் பணம் போடுவது வீண் என்றான். இது உட்காரும் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது, ஏஎம்5 வந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன என்று என் இரவுப் படிப்பைக் காட்டினேன். "புது சேசிஸ் எடுத்தா போர்டும் ரேமும் புதுசா எடுக்கணும், பட்ஜெட் தாங்காதுங்கய்யா" என்றான். பி550 சிப்செட் உள்ள போர்டு எழுதப்பட்டது. ரேமை ஒரே 16 ஜிபி துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி துண்டுகளாக வாங்கச் சொன்னான். இரண்டு தடத்தில் ஒரே நேரத்தில் தரவு போகும். ஒற்றை மாட்டைவிட இரட்டை மாடு பூட்டிய வண்டி.

கார்டில்தான் நேரம் பிடித்தது. பழைய கார்டு ஒன்று பாதி விலைக்குக் கிடைப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவன் தலையசைத்து மறுத்தான். எத்தீரியம் என்னும் மெய்நிகர் நாணயத்தைத் தோண்டுவதற்காக இக்கார்டுகளை இரவு பகலாக ஓட்டியவர்கள், 2022 செப்டம்பரில் அந்த நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அவற்றைச் சந்தையில் கொட்டிவிட்டார்களாம். எந்தக் கார்டு எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மீட்டர் திருப்பிய லாரியை நாமக்கல்காரனுக்கு விளக்க வேண்டுமா? புதிதில் இரண்டு இருந்தன. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி நினைவகம். 2023இல் வந்த 4060, 8 ஜிபி. பின்னது வேகம், மின்சாரமும் குறைவாகக் குடிக்கும், விலை சில ஆயிரம் கூடுதல். நம்மூர் லாரிகளையும் சாலைகளையும் ஆர்வலர்கள் செய்து இவ்விளையாட்டில் சேர்த்திருக்கிறார்கள். அவற்றையெல்லாம் ஏற்றினால் நினைவகம் அதிகம் வேண்டும். 3060 எடுத்தேன். 24,500 ரூபாய். பெட்டியைக் கையில் வாங்கியபோது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் நான் அவனுக்கு ஒரு படி மேலே போனேன். அப்பா சொல்லுவார்: "கண்ணுக்குத் தெரியற பலகைய ஊரே பாக்கும். அடியில போற குறுக்குக் கட்டையப் பாக்கறவன் ஒருத்தன். அவன்தான் லாரிக்காரன்." கார்டுக்கு 170 வாட், ப்ராசசருக்கு 65 வாட், மற்றவற்றுக்கு ஓர் எழுபது, எண்பது. கூட்டினால் 320க்குள் அடங்கிவிடும். இருந்தாலும் கார்டு சட்டென்று இழுக்கும் தருணங்களுக்கு இடம் வேண்டும். 550 வாட்டில் 80 ப்ளஸ் பிரான்ஸ் முத்திரை பெற்றதை எடுத்தேன். அந்த 80 என்பது, வாங்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெப்பமாக வீணாக்காது என்பதற்கான உறுதி. பிரான்ஸ் அதற்கு ஒரு படி மேல். 2012ஆம் ஆண்டு மின்வெட்டு நாட்களில் வாழ்ந்தவன் யுபிஎஸ் இல்லாமல் எதையும் பூட்ட மாட்டான். 1100 விஏ யுபிஎஸ் ஒன்றும் சேர்ந்தது.

கேபினெட்டில் பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஏழு வண்ண விளக்கு என்று வரிசையாக வைத்திருந்தார்கள். சித்திரையில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் முகப்பைக் கண்ணாடியால் மூடிவிட்டால் காற்று எங்கிருந்து வரும்? முன்பக்கம் வலையும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள கறுப்புப் பெட்டி போதும் என்றேன். மானிட்டரோடு எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய் வந்தது. முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் இடையிலான தொகை, உண்மையைச் சொன்னதற்கான விலை. (நான் 3,600 ரூபாய்க்கு வாங்கிய ரேம், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால், அந்த ஆண்டு இறுதிக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் வாங்கிய ஒரே பொருள்.)

அங்கேயே பூட்டித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று பெட்டிகளாகவே கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் துணி விரித்து வேலையைத் தொடங்கினேன். ப்ராசசரின் அடியில் 1331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் பத்தாயிரம் ரூபாய் போயிற்று. மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைப் பார்த்து வைத்தபோது, அழுத்தாமலேயே அது தன் இடத்தில் இறங்கி உட்கார்ந்தது. நல்ல தச்சன் செதுக்கிய பொருத்தில் கட்டை இறங்குவதுபோல. மகள் திருகாணிகளைக் கிண்ணத்தில் பிரித்து வைத்தாள். காற்றாடியை முடுக்கும்போது எதிரெதிர் மூலையாக முடுக்க வேண்டும் என்பதை எந்தக் காணொளியும் பார்க்காமலேயே நான் அறிந்திருந்தேன். சக்கரம் மாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன்.

இரவு ஒன்பது மணிக்கு சுவிட்சைப் போட்டேன். காற்றாடிகள் சுற்றின. மானிட்டரில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். மறுபடியும் அதே. பத்து மணிக்கு வெட்கத்தைவிட்டு மாணவனைக் கூப்பிட்டேன்.

"அய்யா, மானிட்டர் ஒயர எங்க சொருகியிருக்கீங்க?"

"பின்னாடி, மேல."

"அது போர்டோட வாயிங்கய்யா. உங்க ப்ராசசர்ல படம் வரையற பகுதியே இல்லீங்களே. அது ஜி போட்டதுக்கு. கீழ கார்டுல சொருகுங்க."

பொய்யான கணினிக்கு உரிய துளையில்தான் என் கை தானாகப் போயிருக்கிறது. மாற்றிச் சொருகினேன். திரை ஒளிர்ந்தது. மனைவி எழுந்து வந்து பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனாள்.

விளையாட்டு தரவிறங்கி முடிய மறுநாளாயிற்று. தலைமையிடம் எந்த ஊர் என்று கேட்டது. ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகள் சாலையின் வலப்புறம் ஓட்டுபவை. நம்மைப்போல இடப்புறம் ஓட்டும் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமைத் தேர்ந்தெடுத்தேன். தொடக்கத்தில் நமக்குச் சொந்த லாரி இல்லை. அடுத்தவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டுகிறோம். பிறகு சேர்த்த பணத்திலோ வங்கிக் கடனிலோ வாங்க வேண்டும். அப்போது சேசிஸ், எஞ்சின், கேபின் எல்லாவற்றையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். அந்த வரிசையைப் பார்த்து நான் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். லோடுகளின் பட்டியலில் அறுத்த மரம் என்று ஒன்று இருந்தது. அதை எடுத்தேன். முதல் வளைவிலேயே தடுப்பில் இடித்தேன். கண்ணாடி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

எதிர்வீட்டு அண்ணன் ஒருநாள் வந்து பார்த்தார். வடக்கே முப்பது ஆண்டு ஓட்டி ஓய்ந்தவர். நாற்காலியில் உட்காராமல் நின்றே பார்த்தார். மழையில் துடைப்பான் ஆடுவதைக் காட்டினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. லாரிக்குத் தூக்கம் தள்ளும் குறி வந்து, நான் சாலையோர ஓய்விடம் ஒன்றில் வண்டியை நிறுத்தியபோதுதான் கேட்டார். "ஏந்தம்பி, இப்படி நிறுத்தித் தூங்கறதுக்கு எடம் நெசமாலுமே வச்சிருக்கானா? இல்ல வெளையாட்டுக்கா?"

நிஜமாகவே உண்டு என்றேன். அங்கே இத்தனை மணி நேரம் ஓட்டினால் இத்தனை நேரம் ஓய்வு என்று சட்டமே இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் திரையில் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு நான் விளையாடவில்லை. அவருக்கு உழைப்பாக இருந்த ஒன்று எனக்கு உவகையாக இருக்கிறது. என் அப்பா அறைந்து என்னை இறக்கிவிட்ட இருக்கையில் 74,000 ரூபாய் கொடுத்து ஏறியிருக்கிறேன். அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலநாள் யோசித்தேன். கோபித்திருப்பார் என்று தோன்றவில்லை. அவர் பயந்தது சாலைக்குத்தான். இங்கே இடித்தால் லாரி திரும்ப எழுந்து நிற்கிறது. ஒருவேளை எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் காட்டச் சொல்லியிருப்பார். இரண்டு நாள் கழித்து மீண்டும் உட்கார்ந்தேன். வாரத்தில் ஒன்றிரண்டு இரவுகள் ஓட்டுகிறேன். இப்போது யாரிடமும் காரணம் சொல்வதில்லை.

இந்த ஆண்டு வகுப்பில் மறுபடியும் உவகைக்கு வந்தோம். விளையாட்டு என்ற இடத்தில் வழக்கம்போல நிறுத்தினேன். யாரும் கேட்பதற்கு முன் நானே சொன்னேன், கணினியில் லாரி ஓட்டுவேன் என்று. வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு பையன். அவன் அப்பா வடக்கே லாரி ஓட்டுபவர். அவன் மட்டும் சிரிக்காமல் கேட்டான்.

"என்ன லோடுங்கய்யா?"

அறுத்த மரம் என்றேன்.